முடிதான் சிக்கியிருக்கிறது என்று விட்டுவிடலாமா? பூனையின் இருமலும் மூச்சும்

கேள்வி: மதுரை செல்லூரில் இருக்கிறோம். வீட்டை ஒட்டிய கூடத்தில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. எங்கள் பூனை சிட்டுவுக்கு நான்கு வயது. ஒரு மாதமாக இரவிலும் விடியற்காலையிலும் தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு செருமுகிறது. வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அதன்பிறகு வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடுகிறது. முடி சிக்கியிருக்கும், சங்கில் நல்லெண்ணெய் ஊற்றினால் இறங்கிவிடும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டில் பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: அம்மா, முதலில் அந்த மாத்திரையை எடுத்து அலமாரிக்குள் வையுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு மருந்தல்ல, நஞ்சு. மனிதக் கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் வழி பூனைக்கு மிகக் குறைவாகவே அமைந்திருக்கிறது. கொடுத்த சில மணி நேரத்துக்குள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு முட்டும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடும். வீட்டில் யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்; இப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அது நேரத்தோடு உள்ளே போக வேண்டும்.

எண்ணெயும் வேண்டாம். தண்ணீர் புரை ஏறினால் உடனே இருமி வெளியே தள்ளிவிடுவோம். எண்ணெய் அப்படியல்ல. அது வழவழப்பாக, எரிச்சல் ஊட்டாமல், இருமலைக்கூடக் கிளப்பாமல் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போய்விடும். நுரையீரலில் தங்கிய எண்ணெயை எந்த மருந்தாலும் கழுவி எடுக்க முடியாது. சமயநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். முடி, முடி என்று ஒன்பது நாள் விளக்கெண்ணெய் புகட்டியிருந்தார்கள். அதற்கு முதலில் இருந்தது சாதாரண இளைப்பு நோய். என்னிடம் வந்தபோது இளைப்போடு எண்ணெயால் வந்த நிமோனியாவும் சேர்ந்திருந்தது. தேறிவர இரண்டு மாதம் ஆனது. அந்த அம்மாள் வாஞ்சையோடுதான் ஊற்றினார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி சிட்டுவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது முடி கக்கும் பூனையின் அடையாளம் அல்ல, இருமும் பூனையின் அடையாளம். இரண்டையும் ஒருமுறை அருகே இருந்து பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

முடி கக்கும் பூனை உட்கார்ந்தோ நின்றோ, சில சமயம் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தோ முக்கும். வயிறு முழுவதும் அலை அலையாக ஏறி இறங்கும். வாய் அகலத் திறக்கும். கடைசியில் விளக்குத் திரி போல் முறுக்கிய ஈர முடிக்கற்றை ஒன்று, கொஞ்சம் மஞ்சள் நீரோடு தரையில் விழும். அத்தோடு முடிந்தது.

இருமும் பூனை தரையோடு படிந்துவிடும். முழங்கை இரண்டும் உடம்பைவிட்டு வெளியே தள்ளியிருக்கும். ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டுவது போல் கழுத்து தரைக்கு இணையாக நீளும். வயிறு அவ்வளவு அலையாது, நெஞ்சுதான் குலுங்கும். வறண்ட சத்தமாக இருக்கும், சில சமயம் நுனியில் மெல்லிய விசில் கேட்கும். முடியும்போது எதையோ மிடறு விழுங்குவது போல் விழுங்கி உதட்டை நக்கிக்கொள்ளும். மேலே வந்த சளியைத்தான் அது விழுங்குகிறது. தரை காய்ந்தே கிடக்கும். மிகக் கடுமையாக இருமினால் கொஞ்சம் வெள்ளை நுரை வரலாம், அதைப் பார்த்து வாந்தி என்று ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊர்க் குட்டை முடிப் பூனை ஒரு மாதமாக, இரவுக்கு இரவு, முடிக்காகவே செருமிக்கொண்டிருக்கும் என்பது நடப்பது அரிது.

சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் வாடிவாசலுக்குக் காளை வளர்க்கும் வீடுகளில், காளை ஒரு வேளை அசை போடவில்லை என்றால் இரவோடு இரவாக என்னை எழுப்பி அழைத்துப்போவார்கள். அதே வீட்டுத் திண்ணையில் பூனை ஒன்று விலா எடுக்க மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். யார் கண்ணிலும் பட்டிருக்காது. இது அலட்சியம் இல்லை. மாடு தன் நோவைக் காட்டிவிடும், பூனை மறைக்கும். ஓடுவதைக் குறைத்துக்கொள்ளும், மதில் ஏறுவதை விட்டுவிடும், ஒரு மூலையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்ளும். வயதாகிவிட்டது, சோம்பல் என்று நாம் நினைப்போம். உடம்பு முடியாத பூனைகூட மடியில் கிடந்து குர்குர் என்று ஒலி எழுப்பும். அந்த ஒலி நலத்துக்குச் சாட்சியல்ல.

அதனால் பூனை வளர்க்கும் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அது தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். ஆழ்ந்து தூங்கும் நேரமாகப் பாருங்கள். குர்குர் ஒலி எழுப்பும்போது எண்ணினால் கணக்கு தவறும். விலாப்புறம் ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம். நலமான பூனை தூக்கத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும். 30ஐத் தாண்டினால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் மருத்துவரிடம் பேசுங்கள். 40ஐத் தாண்டினால் அன்றைக்கே காட்ட வேண்டும். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவாருங்கள். பத்து நாள் எண்ணிக்கை கையில் இருந்தால், மருத்துவமனைக்கு வந்து பயத்தில் படபடக்கும் பூனையை நான் அரை மணி நேரம் சோதிப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

எண்ணிக்கையோடு மூச்சு விடும் விதத்தையும் பாருங்கள். மூச்சை வெளியே தள்ளும்போது வயிறு எக்கி எக்கி உழைத்தால் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கலாம். உள்ளே இழுக்கும்போது குறட்டை போலவோ கீச்சென்றோ சத்தம் வந்தால் அடைப்பு மூக்கிலோ தொண்டையிலோ இருக்கும். சத்தமே இல்லாமல், மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு ஓடினால் நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவேன். இந்த மூன்றாவது வகைதான் என்னை அதிகம் பயமுறுத்தும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் சிட்டுவுக்கு என் முதல் சந்தேகம் ஆஸ்துமா, நாம் இளைப்பு என்கிறோமே அதுதான். இளம் வயதிலிருந்து நடுவயது வரையிலான பூனைகளுக்கு வரும். மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி, உள்ளே சளி சேர்ந்து, தசை சுருங்கிக் குழாய் குறுகிவிடுகிறது. இரண்டு இருமலுக்கு நடுவே பூனை ஒரு குறையும் இல்லாததுபோல் இருக்கும். இந்த ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் நாம் அதை மூச்சு விட வைக்கும் காற்றுதான். தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சும் நூலிலிருந்து உதிரும் கஞ்சித் தூசும்தான் காரணம் என்று இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு வாரம் சிட்டுவைத் தறிக்கூடத்துக்குள் விடாதீர்கள், நூல் மூட்டை மேல் படுக்க விடாதீர்கள், கூடத்தைக் கூட்டும்போது நடுக்கதவைச் சாத்துங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை இருமுகிறது என்று குறித்துவாருங்கள்.

கொசுவர்த்திச் சுருளை அறவே நிறுத்துங்கள், கொசுவலை கட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரம் பூனையை மாடியில் வைத்திருந்து, ஜன்னலைத் திறந்து புகை போனபிறகு கீழே விடுங்கள். ஊதுபத்தி, முகப்பவுடர், அறைக்கு அடிக்கும் வாசனைத் தெளிப்பான், வற்றல் மிளகாய் தாளிக்கும் நெடி எல்லாமே இருமலைக் கிளப்பும். மலம் கழிக்கும் தொட்டியில் மரத்தூள் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பூனை தோண்டும்போது தூசி நேராக மூக்குக்குத்தான் போகிறது. போகியன்றும் தீபாவளியன்றும் இளைப்புப் பூனையைத் தெருப்பக்க அறையில் வைக்காதீர்கள்.

ஆஸ்துமாதானா என்று உறுதி செய்ய நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். நல்ல மருத்துவர் மலத்தையும் கேட்பார். நுரையீரலில் வாழும் புழு ஒன்று உண்டு. அதன் இளம்புழு நத்தைக்குள் வளர்கிறது. அந்த நத்தையைத் தின்ற எலி, தவளை, பல்லி, குருவி இவற்றில் ஒன்றைப் பூனை பிடித்துத் தின்றால் புழு பூனைக்குள் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தோட்டத்தில் வேட்டையாடித் திரியும் பூனை இருமினால் இதை மறக்கக் கூடாது. அதன் இருமல் அச்சு அசல் ஆஸ்துமா மாதிரியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வழக்கமான குடற்புழு மாத்திரை எல்லாமே இதற்கு வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை பற்றிப் பயப்பட வேண்டாம். வீக்கத்தைக் குறைக்க முதலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல இன்ஹேலருக்கு மாற்றலாம். கைக்குழந்தைகளுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் என்று ஒரு குழாய் இருக்கிறதே, அந்த முறைதான். முகமூடியை மூக்கின் மேல் வைத்து ஏழிலிருந்து பத்து மூச்சு வரை காத்திருக்க வேண்டும். முதல் வாரம் மருந்தே போடாமல், வெறும் முகமூடியை முகர வைத்து ஒரு துண்டு மீன் கொடுங்கள். பிறகு அதுவாகவே முகத்தைக் கொண்டுவந்து நீட்டும். அனுப்பானடியில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் வீட்டுப் பூனை, காலை காபி நேரத்தில் ஸ்பேசர் இருக்கும் டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்! ஸ்டீராய்டு இன்ஹேலர் முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும்; அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குழாயை உடனே விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் வேறு; அது திடீர் திணறலுக்கு. அது மட்டும் போதும் என்று இருந்துவிட்டால் உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகும். எக்ஸ்ரேயோ இதயப் பரிசோதனையோ இல்லாமல், பலவாரம் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை எடுத்தவுடன் போட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். மறைந்திருக்கும் இதய நோயை அது கிளப்பிவிடக் கூடும்.

இதயத்தைப் பற்றி ஒரு சொல். இதயம் பழுதான நாய் இருமும். பூனை பெரும்பாலும் இருமாது. இதயத்தசை தடித்துப்போகும் நோய் பூனைகளிடம் அதிகம். அதற்கு வெளியே தெரியும் ஒரே அறிகுறி தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை கூடுவதாகவே இருக்கலாம். இருமவில்லையே என்று தேற்றிக்கொண்டிருந்த வீடுகளில் திடீரென்று ஒரு நாள் பின்னங்கால் இரண்டும் விறைத்துச் சில்லிட்டு, பூனை வலியால் அலறும். இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி காலுக்குப் போகும் நாடியை அடைத்துவிட்டது என்று பொருள். அதற்குமுன் எண்ணியிருந்தால் மருந்தால் நாளை நீட்டியிருக்கலாம்.

தும்மல், மூக்கில் சளி, கண்ணில் பீளை என்று வருவது வேறு கதை. குட்டிகளுக்கு அதிகம் வரும் வைரஸ் சளி அது. மூக்கடைத்த பூனைக்கு வாசம் தெரியாது. வாசம் தெரியாத பூனை சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்து, உப்பில்லாமல் வேகவைத்த மத்தி மீனைச் சூடு ஆறுமுன் வையுங்கள். அந்த வாசம் இழுத்துவந்துவிடும். எட்டு வாரத்தில் தொடங்கிப் போடும் முத்தடுப்பூசி இந்தச் சளியின் கடுமையைப் பெருமளவு குறைக்கும்.

நம் வீட்டுக் கைவைத்தியத்தில் நல்லவை ஏராளம். ஆனால் பூனைக்குச் சின்ன வெங்காயச் சாறு கொடுக்காதீர்கள். அதன் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். நீலகிரித் தைலம், கற்பூரம், நெஞ்சில் தேய்க்கும் களிம்பு எதையும் தடவ வேண்டாம். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க வேண்டுமானால் குளியலறையில் வெறும் வெந்நீர் ஆவி போதும். மூச்சு வாங்கும் பூனைக்கு அதுவும் கூடாது.

இப்போது மிக முக்கியமான இடம். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது இயல்பு, பூனைக்கு அது இயல்பே இல்லை. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் மாடியில் ஓடிவிட்டு வந்தாலோ, குட்டி வெறியோடு விளையாடினாலோ சில நொடி இரைக்கலாம். நிழலில் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ, படுக்க மறுத்து முழங்கையை விரித்துக் குந்திக்கொண்டிருந்தாலோ மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது.

பணியில் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பூனை என்னிடம் வந்தது, சாம்பல் நிறம். வாய் திறந்திருந்தது. எக்ஸ்ரே பார்த்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். இரண்டு பேர் கால்களைப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் சாய்த்தேன். அது திமிறியது, நாங்கள் இன்னும் அழுத்திப் பிடித்தோம். திமிறல் நின்றதும் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். மூச்சு நின்றிருந்தது. படத்தில் நெஞ்சு முழுவதும் நீர். முதலில் ஆக்சிஜன் வைத்து, அமைதியாக விட்டு, ஊசியால் அந்த நீரை எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். கொண்டுவந்த பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பூனையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனான். மூச்சு வாங்கும் பூனையை அன்றிலிருந்து நான் முதல் பத்து நிமிடம் தொடுவதில்லை. கூடையைத் தரையில் வைத்து, ஆக்சிஜன் குழாயை அருகில் வைத்து, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து விலாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்களும் அப்படியே செய்ய வேண்டும். தூக்கி மடியில் மல்லாத்தாதீர்கள். வாயைத் திறந்து பார்க்காதீர்கள். தண்ணீரோ பாலோ புகட்டாதீர்கள். மேல்பக்கம் திறக்கும் பிளாஸ்டிக் கூடையில் உங்கள் பழைய புடவையை விரித்து, பூனையை ஒரே தூக்கில் உள்ளே விட்டு, காற்றுப் போக இடம் விட்டுத் துணியால் மூடுங்கள். இருட்டும் உங்கள் வாசமும் அதன் பதற்றத்தைக் குறைக்கும். கிளம்புமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். செல்லூரிலிருந்து தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை தூரமில்லை. ஆனால் கோரிப்பாளையம் நெரிசலில் ஹாரன் சத்தம் பூனையைக் கலங்கடிக்கும். ஆட்டோக்காரரிடம் சொல்லி மெதுவாக, நிழல் பக்கமாகப் போங்கள். பூனை சமீபத்தில் மாடியிலிருந்து விழுந்ததா, வண்டியில் அடிபட்டதா, வேறு பூனையோடு சண்டை போட்டதா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். விழுந்ததில் உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் வாரக்கணக்கில் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரும். கடிபட்ட காயம் வெளியே ஆறி உள்ளே சீழ் கட்டியிருக்கும்.

உங்கள் மாமியாரிடம் கோபிக்காதீர்கள். பகல் முழுவதும் தறியருகே இருப்பவர் அவர்தான். சிட்டு எங்கே படுக்கிறது, எப்போது இருமுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். நூல் இழையை எண்ணிப் பழகிய கண் அது. இன்றிரவு சிட்டு தூங்கியதும் மூச்சை அவரையே எண்ணச் சொல்லுங்கள், நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் இருமும்போது கைபேசியில் பக்கவாட்டிலிருந்து, கழுத்தும் விலாவும் தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்கள்; மருத்துவர் முன்னால் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது. எண்ணிக்கை 30க்குள் இருந்தால் மூன்று நாள் குறித்துக்கொண்டு, தாளும் வீடியோவுமாகக் காலை வேளையில் வெயில் ஏறுமுன் கொண்டுபோங்கள். 40ஐத் தாண்டினால் மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், கூடையை எடுங்கள்.